பயோபிரின்டரில் செயற்கைத் தோல்: இயற்கைப் பொருள்களை வைத்து, மை கலக்குவது முதல் சோதனை வரை

பயோபிரின்டிங், அதாவது உயிருள்ள செல்கள் கலந்த மையை அடுக்கடுக்காக அச்சடிப்பது என்றதும் எல்லாருக்கும் கண் முதலில் எந்திரத்தின் மேல்தான் போகும். எத்தனை தலை, எத்தனை மைக்ரான் துல்லியம், என்ன விலை. தோல் அச்சடிப்பதற்கு அதெல்லாம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஒரு சிரிஞ்சைச் சீராக அழுத்தி மூன்று திசையிலும் நகர்த்தத் தெரிந்த, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தத் தெரிந்த எந்திரம் போதும். துண்டு உருப்படுவதும் வீணாவதும் சிரிஞ்சுக்குள் இருக்கும் மையைப் பொறுத்தது, அப்புறம் அச்சடித்து முடித்த பிறகு வரும் மூன்று நான்கு வாரப் பராமரிப்பைப் பொறுத்தது. அதனால் இந்த வழிகாட்டியில் எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும், மற்ற இரண்டையும் பற்றி நிறையவும் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது செல் வளர்ப்பு தெரிந்தவர்களுக்கான ஆய்வகக் குறிப்பு. இரண்டாம் வகுப்பு உயிர்ப் பாதுகாப்பு கேபினெட், கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர், சென்ட்ரிஃப்யூஜ், மைக்ரோஸ்கோப் இருக்க வேண்டும். இப்படிச் செய்த துண்டை யாருடைய புண்ணிலும் வைக்கக் கூடாது, உங்கள் சொந்தக் காயத்திலும்தான். மனிதருக்குப் போக வேண்டுமென்றால் மருந்துத் தர உற்பத்தி, விலங்குச் சோதனை, நெறிக்குழு அனுமதி என்று அது வேறு பாதை.

எதைச் செய்யப் போகிறோம்

மேலே இருப்பது மேல்தோல். கெரட்டினோசைட் செல்கள் அடுக்கடுக்காக அடைந்து நிற்கும் மெல்லிய படலம், உடம்பின் பெரும்பாலான இடங்களில் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். நீர் வெளியேறாமலும் கிருமி உள்ளே வராமலும் தடுப்பது இதுதான். அதற்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் அடித்தோல்: கொலாஜன் இழைகள், நடுநடுவே ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், ரத்தக் குழாய்கள், நரம்புகள், வேர்க்கால்கள். தோலுக்கு வலுவைக் கொடுப்பது இந்த அடுக்கு. மேல்தோல் மட்டும் உரிந்தால் தானாக ஆறிவிடும். அடித்தோல் முழுதாகப் போன தீக்காயத்தில்தான் சிக்கல், அங்கே ஓரங்களிலிருந்து மட்டும் செல்கள் ஊர்ந்து வர வேண்டும், அதற்குள் புண் சுருங்கித் தழும்பாகிவிடும்.

நாம் செய்யப்போவது இந்த இரண்டடுக்கு மாதிரி. ரத்தக் குழாய், வியர்வைச் சுரப்பி, முடி எதுவும் இருக்காது. ரத்தக் குழாய் இல்லாததால் தடிமனுக்கும் வரம்பு வந்துவிடுகிறது. ஆக்சிஜன் திசுவுக்குள் பரவிப் போகக்கூடிய தூரம் சுமார் 100 முதல் 200 மைக்ரான்தான், அதைத் தாண்டி நெருக்கமாகச் செல்களை அடைத்தால் நடுப்பகுதி செத்துவிடும். அடித்தோலில் செல்கள் அடர்த்தி குறைவாக இருப்பதால் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் வரை தாக்குப்பிடிக்கும். தடிமனாக அடித்தால் நிஜத் தோல் மாதிரி இருக்குமே என்று ஆசைப்பட வேண்டாம்.

எந்தப் பொருளை எடுப்பது

இயற்கைப் பொருளில் செயற்கைத் தோல் என்பது பிரின்டர் வந்த பிறகு தோன்றிய யோசனை இல்லை. ஆய்வாளர்கள் ரைன்வால்டும் கிரீனும் மனிதக் கெரட்டினோசைட்டைத் தொடர்ந்து வளர்க்கும் முறையை 1975-இல் வெளியிட்டார்கள். அறுவை மருத்துவர் பர்க், பொறியாளர் யானஸ் இருவரும் மாட்டுக் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்ட்டின் சல்பேட்டையும் சேர்த்த பஞ்சு, அதற்கு மேல் ஒரு சிலிக்கோன் படலம் என்று தீக்காயத்துக்கான செயற்கைத் தோலை 1981-இல் காட்டினார்கள், அதுதான் பிறகு இன்டெக்ரா என்ற பெயரில் மருத்துவமனைகளுக்கு வந்தது. பிரின்டர் செய்வதெல்லாம் எந்தச் செல் எந்த இடத்தில், எவ்வளவு தடிமனில் என்பதை நம் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவருவதுதான்.

பொருள்களைப் பார்ப்போம். கொலாஜன் டைப் 1 தான் நிஜ அடித்தோலின் பொருள், செல்களுக்கு அதைவிடப் பிடித்தது எதுவுமில்லை. ஆனால் அச்சடிக்க வம்பு. குளிரில் அமிலக் கரைசலாக வைத்து, நடுநிலைப்படுத்தி, 37 டிகிரியில் அரை மணி நேரமாவது விட்டால்தான் இறுகும். அதுவரை தண்ணீராக ஓடும். ஃபைப்ரோபிளாஸ்ட் வேறு அதைப் பிடித்து இழுத்துச் சுருக்கிவிடும், சில நாளில் துண்டு பாதி அளவாக நிற்கும்.

ஜெலட்டின் என்பது வெப்பத்தில் குலைந்த கொலாஜன். செல்கள் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் அதில் மிச்சமிருக்கின்றன. குளிர்ந்தால் ஜெல்லாகிறது, 30 டிகிரியைத் தாண்டினால் உருகுகிறது. அச்சடிக்கும்போது இந்தக் குணம் வரம், இன்குபேட்டரில் அதுவே சாபம்.

ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. கால்சியம் பட்ட நொடியில் இறுகும், விலை குறைவு, கையாளச் சுலபம். ஆனால் செல்களுக்கு அதில் பிடிமானமே கிடையாது, நம் உடம்பில் அதைச் சிதைக்கும் நொதியும் இல்லை. ஆல்ஜினேட்டை மட்டும் வைத்து அச்சடித்தால் செல்கள் உயிரோடு இருக்கும், ஆனால் உருண்டையாகவே இருக்கும், கை கால் நீட்டாது. உயிர்ப்பு 95 சதவீதம் என்று வரைபடம் போட்டுத் திருப்தியடையும் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஃபைப்ரோபிளாஸ்ட் நீண்டு பரவாமல் அங்கே அடித்தோல் உருவாகாது.

ஃபைப்ரின் என் கணக்கில் காயம் ஆற்றும் வேலைக்கு முதல் தகுதி உள்ள பொருள். ரத்தம் உறையும்போது உடம்பே போடும் முதல் தற்காலிகச் சாரக்கட்டு அதுதான், செல்கள் அதில் ஊர்ந்து போகவே பழகியவை. மாட்ரிட்டைச் சேர்ந்த குழு ஒன்று மனித பிளாஸ்மாவின் ஃபைப்ரினை வைத்து 100 சதுர சென்டிமீட்டர் தோலை 35 நிமிடத்துக்குள் அச்சடித்ததை 2016-இல் வெளியிட்டது. குறை என்னவென்றால் தனியாக வைத்தால் மென்மை, செல்கள் சீக்கிரம் கரைத்துவிடும்.

கைட்டோசானுக்குக் கிருமி எதிர்ப்புக் குணம் உண்டு, காயக் கட்டுகளில் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் கரைக்க அமிலம் வேண்டும் என்பதால் செல்களோடு சேர்த்து அச்சடிப்பது தொல்லை. பட்டு ஃபைப்ராயின் வலுவானது, தயாரிக்க நாள் பிடிக்கும். ஹையலூரானிக் அமிலம் துணைப் பொருளாக நல்லது.

இதில் எதுவுமே தனியாகப் போதாது. அதனால் மூன்றைக் கலக்கப் போகிறோம். அச்சடிக்கும் நேரத்துக்கு ஜெலட்டின், உருவம் கலையாமல் நிற்க ஆல்ஜினேட், செல்கள் வாழ ஃபைப்ரின். இன்குபேட்டருக்குப் போனதும் ஜெலட்டின் மெதுவாக உருகி வெளியேறிவிடும், அது விட்டுப்போன இடைவெளியில் செல்கள் பரவும்.

படி 1: மை தயாரிப்பு

கடைசியில் 10 மில்லி மை வர வேண்டும், அதில் ஜெலட்டின் 8 சதவீதம், ஆல்ஜினேட் 2 சதவீதம், ஃபைப்ரினோஜன் (பிறகு ஃபைப்ரினாக மாறப்போகும் மூலப் புரதம்) மில்லிக்கு 10 மில்லிகிராம், செல்கள் மில்லிக்கு 20 லட்சம் என்று கணக்கு.

0.9 சதவீத உப்புக் கரைசலில் கொஞ்சம் ஹெப்பிஸ் பஃபர் சேர்த்து பி.எச் 7.4-க்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றுக்கும் இதுதான் கரைசல். பாஸ்ஃபேட் பஃபரான பி.பி.எஸ்-ஐ இந்த வேலை முழுக்கத் தள்ளிவையுங்கள். அது கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகக் கலங்கும். அதைவிட மோசம், இறுகிய ஆல்ஜினேட்டிலிருந்து கால்சியத்தை உருவி ஜெல்லைக் கரைத்துவிடும். பழக்கதோஷத்தில் பி.பி.எஸ்ஸில் கழுவிவிட்டு, காலையில் தட்டில் வெறும் குழம்பைப் பார்ப்பவர்கள் ஏராளம்.

7 மில்லி கரைசலை 50 டிகிரிக்குச் சூடாக்கி 0.8 கிராம் ஜெலட்டினைக் கரையுங்கள். பிறகு 0.2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைச் சுழலும் கரைசலின் மேல் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள், மொத்தமாகக் கொட்டினால் மேலே ஈரமும் உள்ளே காய்ந்த மாவுமாகக் கட்டி கட்டியாக நிற்கும், அதைக் கரைக்க ராத்திரி முழுக்க ஆகும். மூடி வைத்து சில மணி நேரம் மெதுவாகக் கலக்கவும்.

கிருமி நீக்கம் இந்த வேலையின் எரிச்சலான பகுதி. ஆட்டோகிளேவ் செய்தால் ஆல்ஜினேட் சங்கிலிகள் அறுபட்டு மை நீர்த்துப்போகும். இவ்வளவு கெட்டியானது 0.22 மைக்ரான் ஃபில்டரில் போகாது. நல்ல வழி, ஆல்ஜினேட்டை நீர்த்த கரைசலாக ஃபில்டர் செய்து, உறையவைத்து உலர்த்தி, கிருமியற்ற பஞ்சாகச் சேமித்து வைப்பது. ஜெலட்டினை வெதுவெதுப்பான நீர்த்த கரைசலாகத் தனியே ஃபில்டர் செய்யலாம். காசு இருந்தால் கிருமியற்ற, எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் நச்சு மிச்சம்) குறைந்த தரத்தையே வாங்கிவிடுங்கள், அந்தச் செலவு வீண் போகாது. மலிவான தரத்தில் இருக்கும் எண்டோடாக்சின் செல்களைச் சீண்டி அழற்சிச் சமிக்ஞைகளைக் கிளப்பும், அப்புறம் உங்கள் காயம் ஆறும் பரிசோதனைக்கு அர்த்தமே இல்லை.

ஃபைப்ரினோஜனைத் தனியாக மில்லிக்கு 50 மில்லிகிராம் என்று 37 டிகிரியில் கரைக்கவும். குலுக்கக் கூடாது, நுரைத்துக் கட்டியாகும். சும்மா விட்டால் ஒரு மணி நேரத்தில் தானே கரையும். இதில் 2 மில்லியைப் பிறகு சேர்ப்போம். மொத்தம் 10 மில்லியில் மீதி 1 மில்லி இடம் செல்களுக்கு.

படி 2: செல் இல்லாமல் அச்சடித்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். போகாதீர்கள். செல்களுக்குப் பதிலாக அதே அளவு கரைசலை ஊற்றி மையை முழுமையாகத் தயாரியுங்கள். சிரிஞ்சில் நிரப்பி, சென்ட்ரிஃப்யூஜில் மெதுவாகச் சுற்றிக் குமிழியை எடுங்கள். ஒரு குமிழி நாஸிலுக்கு வந்தாலும் கோடு அறுந்துவிடும்.

25 கேஜ் நாஸில், உள்விட்டம் சுமார் 0.26 மில்லிமீட்டர். நேர் ஊசியைவிடக் கூம்பு வடிவ பிளாஸ்டிக் முனை நல்லது, அழுத்தம் குறைவாகப் போதும், செல்களுக்கு உரசல் நேரமும் குறையும். சிரிஞ்சை 23 டிகிரியிலும் மேடையை 12 டிகிரியிலும் வைத்து இருபது நிமிடம் காத்திருங்கள்.

இப்போது காற்றில் பிடித்தபடி அழுத்தம் கொடுத்து முனையை மட்டும் கவனியுங்கள். மை இன்னும் சூடாக இருந்தால் முனையில் சொட்டு உருண்டு தொங்கும், பெரிதாகி விழும். சரியான பதத்தில் இருந்தால் வழவழப்பான ஒரே இழையாக, அறுந்துபோகாமல் சென்டிமீட்டர் கணக்கில் தொங்கும். அதிகமாகக் குளிர்ந்துவிட்டால் இழை கரடுமுரடாக, நெளிந்து, துண்டு துண்டாக வரும். மையின் ஓட்டத்தை அளக்கும் ரியோமீட்டரின் எண்கள் ஆயிரம் இருந்தாலும் அன்றன்றைக்கு இந்த ஒரு பார்வைதான் கைகொடுக்கும். அதோடு ஜெலட்டின் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் நேரம் ஆக ஆக இறுகிக்கொண்டே போகும், முதல் துண்டுக்கு 40 கிலோபாஸ்கல் போதும் என்றால் நான்காவதுக்கு 60 கேட்கும். அதனால் எண்ணை மனப்பாடம் செய்யாமல் இழையைப் பார்த்து அழுத்தத்தை மாற்றுங்கள்.

பிறகு இரண்டு அடுக்குக் கட்டம் ஒன்று அச்சடித்து மேலிருந்து படம் எடுங்கள். நடுவில் வரும் ஓட்டையின் சுற்றளவை வர்க்கப்படுத்தி, பரப்பின் 16 மடங்கால் வகுக்கவும். சரியான சதுரத்துக்கு 1 வரும், மை வழிந்து ஓட்டை வட்டமாகிவிட்டால் 0.79 பக்கம் போகும். 0.9-க்கு மேல் வந்தால் செல்களோடு தொடங்கலாம்.

படி 3: செல்கள்

ஃபைப்ரோபிளாஸ்ட்டைச் சீக்கிரப் பாசேஜில் (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு சுற்றும் ஒரு பாசேஜ்), அதாவது 6-க்குள், பயன்படுத்துங்கள். கெரட்டினோசைட் இன்னும் முகம் சுளிக்கும் ரகம், 3-க்குள் நல்லது. ஹாகாட் என்ற அழியாக் கெரட்டினோசைட் செல் வரிசையை வைத்துப் பழகலாம், சாகாது, செலவு குறைவு, ஆனால் அது சரியான கொம்புப் படலத்தை, அதாவது தோலின் உச்சியில் இருக்கும் செத்த செல் அடுக்கைக் கட்டாது, எனவே தடுப்பரண் சோதனைக்கு அதை நம்ப வேண்டாம். தொடங்கும் முன் மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் புகும் பாக்டீரியா) சோதனை செய்துவிடுங்கள்.

ஃபைப்ரோபிளாஸ்ட்டை மில்லிக்கு 2 கோடி என்ற அடர்த்தியில் 1 மில்லியாக எடுத்து, ஃபைப்ரினோஜன் 2 மில்லியும் கலந்த 37 டிகிரி மையோடு சேர்க்கவும். (முதல் தடவைக்கு எல்லாவற்றையும் பத்தில் ஒரு பங்காக வைத்து 1 மில்லி மை மட்டும் கலக்குங்கள், போதும்.) கலக்க சிறந்த வழி இரண்டு சிரிஞ்சுகளை வாயோடு வாய் இணைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முப்பது தடவை மெதுவாகத் தள்ளுவது. பிப்பெட்டில் கலக்கினால் குமிழி நிச்சயம்.

படி 4: அச்சடிப்பு

ஆறு குழித் தட்டின் இன்சர்ட் (குழிக்குள் தொங்கும், அடியில் நுண்துளைச் சவ்வு உள்ள கிண்ணம்) 24 மில்லிமீட்டர் விட்டம். அதில் அடங்கும்படி 15-க்கு 15 மில்லிமீட்டர் சதுரம், அடுக்குக்கு 0.2 மில்லிமீட்டர் உயரம், ஆறு அடுக்கு, ஆக 1.2 மில்லிமீட்டர். நொடிக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் வேகம். ஒரு துண்டுக்கு 0.27 மில்லி மைதான் ஆகும், சிரிஞ்சில் ஒட்டுவதைக் கழித்தால் 1 மில்லியில் மூன்று துண்டு.

கட்டக் கட்டமாக ஓட்டையோடு அடித்தால் அழகாக இருக்கும், வெறும் காயக் கட்டுக்கு அது சரி. ஆனால் மேலே கெரட்டினோசைட் போடப்போகிறோம், ஓட்டை இருந்தால் அவை உள்ளே விழுந்துவிடும். கீழ் நான்கு அடுக்கைக் கொஞ்சம் இடைவெளியோடும், மேல் இரண்டை நெருக்கமாகவும் அடியுங்கள். ஊட்டம் கீழிருந்து ஏறவும் வழி கிடைக்கும், மேற்பரப்பும் மூடியிருக்கும்.

சிரிஞ்சில் செல் ஏறிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடப் பாருங்கள்.

படி 5: இறுக்குதல்

இரண்டு குளியல். முதலில் 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, ஐந்து நிமிடம். கால்சியம் சின்ன அயனி, சட்டென உள்ளே போய் ஆல்ஜினேட்டைப் பிடித்துவிடும். நேரம் கூடினால் செல்களுக்கு ஆகாது. அதை எடுத்துவிட்டு, மில்லிக்கு 10 யூனிட் த்ராம்பின், கொஞ்சம் கால்சியம் சேர்ந்த கரைசலில் அரை மணி நேரம். ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாக மாற்றி இறுக்குவது த்ராம்பின்தான், ஆனால் அது பெரிய புரதம், நிதானமாகத்தான் ஊறும். இரண்டும் அறை வெப்பநிலையில். இறுகும் முன் 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஜெலட்டின் உருகி மொத்தமும் பரந்துவிடும்.

ஹெப்பிஸ் உப்புக் கரைசலில் இரண்டு மூன்று தடவை நன்றாகக் கழுவுங்கள். கழுவுவது சுத்தத்துக்காக மட்டுமல்ல. கெரட்டினோசைட் கால்சியம் குறைவாக இருக்கும்போதுதான் பெருகும், 0.1 மில்லிமோலாரைத் தாண்டினாலே முதிர ஆரம்பித்துவிடும். ஜெல்லில் தேங்கிய மிச்சக் கால்சியம் கசிந்தால் மேல்தோல் பெருகுவதற்கு முன்பே முதிர்ந்து, ஆங்காங்கே திட்டுத் திட்டாக நின்றுபோகும்.

படி 6: வளர்ப்பு

முதல் ஒரு வாரம் அடித்தோலுக்கு. 10 சதவீத சீரம் சேர்த்த ஊடகம், மில்லிக்கு 50 மைக்ரோகிராம் அஸ்கார்பிக் அமிலம். வைட்டமின் சி இல்லாமல் ஃபைப்ரோபிளாஸ்ட் உருப்படியான கொலாஜனைக் கட்டாது. ஃபைப்ரின் சீக்கிரம் கரையாமலிருக்க அப்ரோட்டினின் சேர்க்கவும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊடகம் மாற்றுங்கள். முதல் மாற்றத்தில் உருகிய ஜெலட்டின் வெளியே வந்து ஊடகம் லேசாகக் கொழகொழப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். மூன்று நான்கு நாளில் மைக்ரோஸ்கோப்பில் செல்கள் நீண்டு, இரு முனையும் கூர்ந்த கதிர் வடிவம் எடுத்திருக்க வேண்டும். ஐந்தாம் நாளும் உருண்டையாகவே இருந்தால் ஃபைப்ரின் இறுகவில்லை என்று அர்த்தம், த்ராம்பின் பழையதா என்று பாருங்கள்.

ஏழாம் நாள் வாக்கில் கெரட்டினோசைட்டைச் சதுர சென்டிமீட்டருக்கு 2 லட்சம் வீதம் மேலே போடுங்கள். நம் துண்டுக்கு நான்கரை லட்சம். இவற்றையும் அச்சடிக்கலாம்தான், ஆனால் ஒரே சீரான படலத்துக்குப் பிப்பெட்டே போதும் என்பது என் கட்சி. குறைந்த அளவு ஊடகத்தில் சொட்டுச் சொட்டாக வைத்து, இரண்டு மணி நேரம் ஒட்டவிட்டு, பிறகு மூழ்கும்படி ஊடகம் ஊற்றவும்.

இரண்டு மூன்று நாளில் மேற்பரப்பு முழுக்க மூடியதும் காற்றுக்குத் தூக்க வேண்டும். இன்சர்ட்டுக்குள் இருக்கும் ஊடகத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, கீழே மட்டும், துண்டின் அடிப்பாகத்தைத் தொடும் அளவுக்கு வைக்கவும். இப்போது கால்சியம் 1.5 மில்லிமோலார் பக்கம் உள்ள ஊடகம். காற்று பட்டதும் கெரட்டினோசைட் மேல்நோக்கி அடுக்கிக்கொண்டே போய், மேல் வரிசை செத்துக் கொம்புப் படலமாகும். பத்து முதல் பதினான்கு நாள். ஈரமாகப் பளபளத்த மேற்பரப்பு ஒரு வாரத்தில் மங்கி, பளபளப்பு போய், லேசாக வெளுத்து உலர்ந்த தோற்றத்துக்கு வரும். அப்படி மாறினால் மேல்தோல் உருவாகிக்கொண்டிருக்கிறது. தினமும் பார்க்கும்போதே மேலே நீர் தேங்கி நின்றால் ஓரத்தில் கசிவு இருக்கிறது, உறிஞ்சிவிட்டு ஊடக அளவைக் குறையுங்கள்.

படி 7: சோதனை

அச்சடித்த மறுநாளே ஒரு துண்டைப் பலிகொடுத்து உயிர்ப்புச் சோதனை செய்யுங்கள். கால்சீன் பச்சை என்றால் உயிர், ப்ரோப்பிடியம் அயோடைடு சிவப்பு என்றால் சாவு. 85 சதவீதத்துக்குக் குறைந்தால் அழுத்தத்தைக் குறைப்பதா, கால்சிய நேரத்தைக் குறைப்பதா என்று யோசிக்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: அதே மையை அச்சடிக்காமல் கையால் ஊற்றி, அதே குளியலில் இறுக்கிய துண்டு ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். அதில் செல்கள் நன்றாக இருந்தால் குற்றவாளி நாஸில்.

கடைசியில் குறுக்கே வெட்டி ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாயம். அதோடு புரதங்களைத் தனித்தனியே சாயமிட்டுப் பாருங்கள்: கீழே கே14 (கெரட்டின் 14), மேலே கே10, உச்சியில் லோரிக்ரின் அல்லது ஃபிலாக்ரின் என்று வரிசையாக வந்தால் மேல்தோல் ஒழுங்காக முதிர்ந்திருக்கிறது. கே14 எல்லா அடுக்கிலும் பரவிக் கிடந்தால் இல்லை. தடுப்பரணுக்கு மின்தடை அளவிடலாம்.

காயம் ஆறுவதைப் பார்க்க, 2 அல்லது 3 மில்லிமீட்டர் பயாப்ஸி பன்ச்சால் (வட்டமாக வெட்டும் கருவி) மேல்தோலில் ஒரு வட்டம் எடுத்துவிட்டு, ஓரங்கள் நகர்ந்து மூடுவதைத் தினமும் ஒரே உருப்பெருக்கத்தில் படம் எடுங்கள். அடித்தோல் சுருங்கினாலும் வட்டம் சிறியதாகும், செல்கள் ஊர்ந்து மூடியதாக ஏமாறுவது சுலபம். துண்டின் வெளி அளவையும் அதே படத்தில் அளந்து கழித்துவிடுங்கள், அல்லது ஓரங்களை ஒரு வளையத்தில் பிடித்து நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.